மெர்வின் பென்ஹாலோ சரிபார்த்துவிட்டான்

துணி துவைக்கும் அறையில், டிரையருக்குப் பக்கத்தில், ஒரு கம்ப்யூட்டர் ராப்பகலாக உறுமிக்கொண்டே இருந்தால் எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் பிடிக்கும்? நோரீன் பென்ஹாலோவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்கு அருவருப்பு அந்தப் பெட்டியின் மேல் இல்லை. அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தானே அவள் புருஷன், அவன் மேல்தான்.

மெர்வின் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மொன்டானாவில் பியூட் நகரத்துப் பள்ளிக்கூட பாய்லர்களைக் காலம் பூராவும் கட்டி மேய்த்தவன். எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற குளிரிலும் எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்ததில்லை. குடி கிடையாது, கை நீட்டும் வழக்கம் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றான் பாருங்கள், அப்போது பிடித்தது இந்தச் சனியன்.

முதலில் கொஞ்சம் பிட்காயின் வாங்கினான். தொலையட்டும் என்று நோரீன் விட்டுவிட்டாள். ஊரில் மற்ற ஆண்கள் படகு வாங்குகிறார்கள், துப்பாக்கி வாங்குகிறார்கள். காயின் இடத்தையாவது அடைக்காது. ஆனால் வாங்கியதோடு நிற்கவில்லையே. அந்தக் காயின் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால் அது உலகத்துக்கே பொதுவான ஒரு பேரேட்டில் விழும். யார் வேண்டுமானாலும் அதைத் தேடிப் பார்க்கலாம். பார்ப்பதற்கென்றே இன்டர்நெட்டில் எத்தனையோ தளங்கள் சும்மா கிடக்கின்றன. மெர்வினுக்கு அந்தத் தளங்களின் பேரைச் சொன்னாலே குமட்டும்.

"அடுத்தவன் வீட்டுக் கண்ணாடியில உன் மூஞ்சியப் பாப்பியா? நீ எதத் தேடுறேன்னு அவன் குறிச்சு வச்சுக்குவான். அவன் காட்டுறதுதான் உனக்கு உண்மைன்னு ஆயிரும்" என்பான்.

ஆகவே அந்தப் பேரேட்டையே, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, துணி துவைக்கும் அறைக்கு இறக்கிவிட்டான். அதைத் தேடிப் பார்க்கும் தளத்தையும் தன் பெட்டியிலேயே ஓட்டினான். பிளாக் எக்ஸ்ப்ளோரர் என்று அதற்குப் பெயர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பேரேட்டில் ஒரு புதுப் பக்கம் சேரும், திரையில் ஒரு பச்சைக் கட்டம் வந்து உட்காரும். அவன் அதைப் பார்த்துப் பூரித்துப் போவான். பேரன் பேத்தி பிறந்தால்கூட அப்படிப் பூரித்திருப்பானா என்பது சந்தேகம்.

வியாழக்கிழமை தோறும் ஒரு மதுக்கடையின் பின்னறையில் இவனைப் போலவே ஏழெட்டு பேர் கூடுவார்கள். தலைநரைத்த ஆண்கள். யாரையும் நம்பக் கூடாது, எதையும் தானே சரிபார்க்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு வேதம். சொந்தப் பெட்டி வைத்து ஓட்டுகிறவன் அங்கே பெரிய மனிதன். இல்லாதவன் இரண்டாந்தரம். அதைக் கேட்டு நோரீன் ஒருநாள் சொன்னாள், "யாரையும் நம்பக் கூடாதுன்னு சொல்றதுக்கு வாராவாரம் எதுக்கு இத்தன பேரு கூடி உக்காரணும்? தனித்தனியா வீட்ல உக்காந்து சந்தேகப்பட்டுக்க வேண்டியதுதான?" மெர்வினுக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீடு ஆர்விட் சார்வெலாவுடையது. சுரங்கத்தில் வேலை போன பிறகு விறகு வெட்டி, பிளந்து, காயவைத்து, வண்டியில் கொண்டுபோய் விற்றுப் பிழைக்கிறவன். நிதானமான ஆள், பேச்சு குறைவு. அவன் மனைவி ஜூன் ஏலக்காய் ரொட்டி சுட்டால் பாதி இந்த வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி இல்லை, போட வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

நோரீனுக்கு ஆர்விட் வெறும் பக்கத்து வீட்டுக்காரன் மட்டுமில்லை. அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. மாதம் ஒருமுறை மலைக்கணவாயைத் தாண்டி ஹெலினா நகரத்துக்குப் போய்க் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. மெர்வினோ இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டு கைத்தடியோடு நொண்டுகிறவன், பனிக்காலக் கணவாயில் அவனை நம்பி ஏற முடியாது. பிள்ளைகள் இல்லை. ஆர்விட்தான் ஒவ்வொரு மாதமும் கூட்டிப் போனான். பெட்ரோலுக்குக் காசு நீட்டினால், "உள்ள வை, கண்ணு தெரியாம என் மூக்குல குத்திறாத" என்பான்.

அந்த இடுப்பால்தான் வினையே வந்தது. பனி தள்ளும் இயந்திரத்தை இனித் தன்னால் பிடித்துத் தள்ள முடியாது என்று மெர்வின் அதை விற்க நினைத்தான். ஆர்விட் வாங்கிக்கொள்கிறேன் என்றான். மெர்வின் உடனே பிடித்துக்கொண்டான்: நோட்டாகத் தந்தால் வாங்க மாட்டேன், காயினாகத்தான் வேண்டும். ஆர்விட்டுக்குக் காயின் என்றால் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் நண்பன் ஆசைப்படுகிறான் என்று ஜூனின் தங்கை மகளிடம் கேட்டுப் போனில் ஏதோ இறக்கி, காயின் வாங்கி, ஒரு சனிக்கிழமை காலையில் அனுப்பியும் விட்டான். இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனவன் அன்றைக்கே முதலில் மெர்வின் வாசலைத்தான் சுத்தம் செய்தான்.

மெர்வின் தன் எக்ஸ்ப்ளோரரில் தன் முகவரியைப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. மதியம் பார்த்தான், இல்லை. மறுநாளும் இல்லை. அவன் காயின் வைத்திருக்கும் வாலட் செயலியையும் திறந்து பார்த்தான், அதிலும் இல்லை. இரண்டு சாட்சியும் ஒரே மாதிரி சொல்கின்றன என்று திங்கட்கிழமை ஆர்விட்டைக் கூப்பிட்டுவிட்டான்.

ஆர்விட் பனிக்காலணியை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நோரீன் துவைத்ததை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிட்டேன்டா மெர்வ். சனிக்கிழமையே அனுப்பிட்டேன்."

"வரல."

"வந்திருக்கும். இந்தா, என் போன்ல காட்டுது பாரு."

சாக்கடையைக் காட்டியது போல மெர்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அது எவனோ நடத்துற தளம். எவன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் எப்படி நம்புற?"

"அதையா நம்புறேன்? அனுப்பினதே நான்தானடா. எனக்குத் தெரியாதா?"

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க."

அந்த 'எல்லாரும்' என்ற சொல்லில் ஆர்விட்டின் முகம் மாறியது. குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, "சரி விடு. இதுக்காக நமக்குள்ள எதுக்கு. நாளைக்கு பேங்க்ல நோட்டா எடுத்துட்டு வரேன், வாங்கிக்க" என்றான்.

"அப்ப அனுப்பலன்னு ஒத்துக்கற."

"ஒத்துக்கல."

"பின்ன எதுக்கு மறுபடி குடுக்கற? குடுத்தவன் எவனாவது ரெண்டாம் தடவ குடுப்பானா?"

என்ன மனிதனய்யா இவன் என்று நோரீன் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். ஆர்விட் அவள் பக்கம் திரும்பினான். "நோரீன், நீ சொல்லு. நான் அனுப்பலன்னு நெனக்கிறியா?"

அவன் அனுப்பியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். கையில் இருப்பது துண்டுதான் என்று தெரிகிற மாதிரி அவ்வளவு தெளிவாகத் தெரியும். ஆனால் எதிரே அந்தத் திரை இருந்தது. அப்போதுதான் ஒரு பச்சைக் கட்டம் புதிதாக வந்து உட்கார்ந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் நாம் யார் என்று ஒரு பயம் அவளுக்கு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் முன்னால் இருந்த மாதிரி.

"மெர்வ் ரெண்டு தடவ பாத்தாச்சு ஆர்விட். அதுல ஒண்ணும் இல்ல" என்றாள்.

ஆர்விட் தலையை ஆட்டிவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு போனான். நோரீனுக்குத் தன் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருந்தது. நேராகச் சொன்னால், அன்றைக்கு அவளுக்குப் புருஷன் மேல் வந்த அருவருப்பைவிடத் தன் மேல் வந்ததுதான் அதிகம்.

மறுநாள் விடியும்போது பனி கொட்டியிருந்தது. இயந்திரச் சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள். அவர்கள் வீட்டு வாசல் பனியைத்தான் ஆர்விட் தள்ளிக்கொண்டிருந்தான். படியில் உப்பும் தூவினான், கண் தெரியாதவள் வழுக்கி விழுவாள் என்று.

மெர்வின் காப்பியோடு அவள் பின்னால் வந்து நின்றான். "பாத்தியா, குத்தம் உள்ள குறுகுறுங்குது. அதான் வந்து தள்ளுறான்."

"உனக்கு வெக்கமா இல்லயா மனுஷா?"

"எனக்கு எதுக்கு? நான் சரிபார்த்தவன்."

காப்பியை அவன் தலையில் கவிழ்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. கவிழ்க்கவில்லை, இடுப்பில் தையல் போட்ட மனிதன்.

அந்த வியாழக்கிழமை மதுக்கடைப் பின்னறையில் மெர்வின் விஷயத்தைச் சொன்னான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏமாற்றியவன் பெயரை எல்லார் முன்னாலும் சொல்லி, இவரோடு கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று மொன்டானா முழுவதும் இருக்கிற தங்கள் ஆட்களுக்கு அறிவிப்பு அனுப்பிவிடுவார்கள். போலீஸையும் நம்புவதில்லை, கோர்ட்டையும் நம்புவதில்லை, ஆகவே இதுதான் அவர்கள் நியாயஸ்தலம். யாராவது ஒருவர், 'ஆர்விட்டிடம் ஒரு வார்த்தை கேட்போமே' என்று சொன்னாரா? சொல்லவில்லை. மெர்வின் சொந்தப் பெட்டியில் பார்த்திருக்கிறான், அப்புறம் என்ன பேச்சு. ஆர்விட் சார்வெலா, விறகு வியாபாரி, பியூட் என்று அறிவிப்பு போய்விட்டது.

ஊர் எவ்வளவு பெரியது? ஞாயிற்றுக்கிழமைக்குள் சர்ச்சில் பேச்சு, கடையில் பேச்சு. காயின் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட ஆர்விட் ஏதோ பண மோசடியில் மாட்டிக்கொண்டான் என்று கிசுகிசுத்தார்கள். விறகு சொல்லி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். குளிர்காலத்தின் நடுவில், விற்க வேண்டிய விறகு ஆர்விட் வீட்டுப் பக்கவாட்டில் சுவர் உயரத்துக்கு அடுக்கினபடியே இருந்தது. ஜூன் கடையில் நோரீனைப் பார்த்துவிட்டு மாவு அடுக்கியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள். நோரீன் கடைத் தள்ளுவண்டியில் எடுத்துப் போட்ட சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

"அத வாபஸ் வாங்கு மெர்வ்" என்று கேட்டாள், கெஞ்சினாள்.

"ஆதாரம் இல்லாம எப்படி வாங்குறது?"

"அவன் உன் பிரெண்டு. அது போதாதா?"

"அதெல்லாம் ஆதாரம் ஆகாது நோரீன்."

கதை இப்படியே நாறிப் போயிருக்கும். ஆனால் மெர்வினுக்குப் பிறந்த நாள் வந்தது. ஸ்போகேன் நகரத்தில் இருக்கும் அவன் அக்கா வெரா வருஷா வருஷம் தம்பிக்குக் கொஞ்சம் காயின் அனுப்புவாள், அவன் சந்தோஷத்துக்காக. அன்றைக்குப் போன் செய்து வாழ்த்திவிட்டு, "வந்துச்சா?" என்று கேட்டாள்.

மெர்வின் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "வரலயே."

"காலையிலயே அனுப்பினேன்டா."

"எனக்குக் காட்டல வெரா. நீ நெஜமா அனுப்பினியா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அடுப்பில் பேஸ்டி என்கிற கறி அடைத்த ரொட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்த நோரீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்லா இருக்கு. இப்ப உங்க அக்காவும் திருடியா? அறிவிப்பு அனுப்பிடு. ஸ்போகேன், கிழவி, பல்செட் கட்டினவள்னு அடையாளம் போட்டு அனுப்பு."

"என்னது?" என்றாள் வெரா போனில்.

மெர்வின் கைத்தடியை எடுத்தான். நொண்டிக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குப் போனான். அக்கா அவனைத் தூக்கி வளர்த்தவள், அவளைச் சந்தேகிக்க அவனுக்கே மனம் வரவில்லை. ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெட்டியைச் சந்தேகப்பட்டான். ஆர்விட்டுக்காக அதைச் செய்யத் தோன்றவில்லையே என்று நோரீனுக்குக் கசந்தது.

விஷயம் இவ்வளவுதான். பேரேடு ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தது, அது நன்றாகத்தான் ஓடியது, பச்சைக் கட்டங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் எந்த முகவரிக்கு என்ன வந்தது என்று சொல்கிற அட்டவணை இன்னொரு டிஸ்கில் இருந்தது. அந்த டிஸ்க் ஆர்விட் பணம் அனுப்பியதற்கு முந்தின நாளே நிரம்பி, அட்டவணை செத்துப் போயிருந்தது. தளம் அதற்கப்புறம் வந்த எதையும் காட்டவில்லை, செத்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. வாலட்டும் அதே அட்டவணையைக் கேட்டுத்தான் பதில் சொல்லும். இரண்டு சாட்சி என்று மெர்வின் நினைத்தது ஒரே பிணத்தைத்தான்.

டிஸ்க் எதனால் நிரம்பியது தெரியுமா? வாசல் கேமராவின் பதிவுகளை அதில் போட்டு வைத்திருந்தான். கேமராக் கம்பெனியிடம் கொடுத்தால் அவர்கள் எட்டிப் பார்ப்பார்களாம். எதிரே ஏதாவது அசைந்தால் அந்தக் கேமரா பதிவு செய்யும். பனி விழுவதும் அசைவுதானே. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து டிஸ்க் நிரம்பும் வரை பனி விழுந்ததை, ஒரு துகள் விடாமல், மணிக்கணக்காக அது சேமித்து வைத்திருந்தது. நடுநடுவே ஆர்விட் வந்து நோரீனைக் கைபிடித்து வண்டியில் ஏற்றிப் போனதும் இருந்தது.

பதிவுகளை அழித்து அட்டவணையை மறுபடி ஓடவிட்டான். அது பழைய கணக்கையெல்லாம் பிடித்து வர மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. ஆர்விட் அனுப்பியது அந்தச் சனிக்கிழமையிலேயே, பேசியபடியே, ஒரு துளி குறையாமல் வந்திருந்தது.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றாள் நோரீன்.

"இன்னொரு பெட்டி வாங்கணும். ஒண்ணு தப்பு பண்ணா இன்னொண்ணு காட்டிக் குடுக்கும். இனிமே இந்தத் தப்பு வராது."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை காலம் ஒரே படுக்கையில் படுத்த மனிதன். தொட்டால் கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கோட்டை எடுத்து அவன் மேல் வீசினாள். "எந்திரி. போய் அவன்கிட்ட சொல்லிட்டு வா. நானும் வரேன்."

ஆர்விட் கொட்டகையில் கோடரிக்குக் கூர் போட்டுக்கொண்டிருந்தான். மெர்வின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று தொண்டையைச் செருமினான்.

"ஆர்விட், சரிபார்த்துட்டேன். பணம் வந்திருக்கு."

"தெரியும். நான்தான அனுப்பினேன்."

"என் பக்கம் ஒரு கோளாறு. அட்டவணை நின்னு போச்சு. டிஸ்க் நெரம்பிருச்சு. பேரேடு மட்டும் ஓடிட்டு இருந்ததால எனக்குத் தெரியல. அது வந்து, எப்படின்னா..." என்று மெர்வின் விளக்கினான். கேமரா, பனி, அட்டவணை என்று எல்லாவற்றையும் விளக்கினான். ஆர்விட் பொறுமையாகக் கேட்டான். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்ற ஒரு வார்த்தை மட்டும் அந்த விளக்கத்தில் எங்குமே வரவில்லை. நோரீன் அதற்காகக் காத்து நின்று, நின்று, கடைசியில் அவளே சொன்னாள், "எங்கள மன்னிச்சிடு ஆர்விட்."

"அறிவிப்ப எடுத்துட்டேன். இப்ப உன் பேரு சுத்தமாயிருச்சு" என்றான் மெர்வின்.

"உன் கம்ப்யூட்டர் சொல்ற வரைக்கும் நான் திருடன். அது சொன்னதும் இல்ல. அப்படித்தான?"

"ஆதாரம் வேணும்ல."

"வேணும், வேணும்" என்றான் ஆர்விட். கோபமே இல்லை. கோடரியின் வாயைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி கல்லில் வைத்தான்.

திருடன் பட்டத்தோடு இருந்த நாளெல்லாம் அவர்கள் வாசல் பனியைத் தள்ளியவன் அதற்கப்புறம் தள்ளவில்லை. அடுத்த பனிக்குத் தன் வாசலை மட்டும், இரண்டு வீட்டுக்கும் பொதுவான எல்லை வரை, நூல் பிடித்த மாதிரி சுத்தம் செய்துவிட்டு இயந்திரத்தை உள்ளே விட்டான். நோரீன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானே இறங்கினாள்.

ஊசி நாள் நெருங்கியது. அவன் வர மாட்டான் என்றே அவள் நினைத்தாள். போன் செய்து கேட்க முகம் இல்லை. வாடகை வண்டிக்காரர் யாரும் பனிக்காலத்தில் கணவாய் ஏற ஒப்பவில்லை. இந்த மாதம் போகட்டும், பார்வை போனால் போகட்டும், இந்த லட்சணங்களைப் பார்க்காமலாவது இருக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டாள். சரியாக வழக்கமான நேரத்துக்கு வாசலில் ஹாரன் சத்தம். ஆர்விட்டின் வண்டி.

போகும்போதும் வரும்போதும் பேச்சில்லை. முன்பெல்லாம் வானொலியை வைப்பான், வழியில் மான் நின்றால் அவளுக்குக் கண் தெரியாதென்று, "இடது பக்கம் ரெண்டு, ஒண்ணு குட்டி" என்று சொல்லிக்கொண்டே வருவான். அன்றைக்கு மான்கள் நின்றனவோ இல்லையோ, அவளுக்குத் தெரியாது. பெட்ரோலுக்கு என்று காசை நீட்டினாள். அவன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டு வாசலில் இறங்கி, அவள் கையைப் பிடித்துப் படி ஏற்றிவிட்டான். கை முன்னைப் போலவேதான் இருந்தது, பலமாக, அவசரமில்லாமல். அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது. எல்லாம் சரியாகிவிடும், கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். கதவைத் திறக்கத் திரும்பினாள்.

"அங்கயே நில்லு நோரீன்" என்றான் ஆர்விட் படியின் கீழிருந்து. "வீட்டு நம்பர் பக்கமா கொஞ்சம் நகரு."

அவன் கையில் போன் இருந்தது.

"எதுக்கு?"

"உன்னப் பத்திரமா கொண்டாந்து வீட்ல விட்டேன்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா காட்டணும்ல. தேதி, நேரம் எல்லாம் இதுலயே விழுந்துரும்."

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. விறகை எங்கே இறக்கட்டும் என்று கேட்கிற அதே குரல். நோரீன் நம்பர் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"கறுப்புக் கண்ணாடியக் கழட்டிரு. மூஞ்சி தெரியணும்."

கழற்றினாள். பனியின் வெளிச்சம் ஊசி போட்ட கண்ணுக்குள் பாய்ந்து கன்னம் பூராவும் தண்ணீர் ஊற்றியது. துடைக்கப் போன கையை, படம் கெட்டுவிடும் என்று கீழே இறக்கிக்கொண்டாள்.

"ஆடிருச்சு. இன்னொண்ணு எடுத்துக்கறேன்" என்றான் ஆர்விட்.

அவள் நிமிர்ந்து நின்றாள்.